ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சமூகத் திறன் பயிற்சியில் சிகிச்சை நாய்கள்

சிகிச்சை நாய் என்பது மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பிறருடைய நலனுக்காகப் பழகுவதற்கெனத் தேர்ந்தெடுத்துப் பழக்கப்பட்ட நாயாகும். அதைப் பொறுப்பேற்று நடத்தும் ஒருவர் எப்போதும் உடன் இருப்பார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சமூகத் திறன்களைக் கற்பிக்கும் வகுப்புகளில் இத்தகைய நாய்களைச் சேர்த்துக்கொள்ளும் முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இதற்கான எண்ணம் 1960களில் அமெரிக்காவில் தோன்றியது. முறையான ஆய்வுகள் 1980களின் இறுதியில் வெளிவரத் தொடங்கின.

நாய் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதில்லை. அது ஆசிரியருக்கோ சிகிச்சையாளருக்கோ மாற்றும் அல்ல. பிறரோடு பழகுவதற்கு ஒரு காரணத்தையும், தவறு செய்தாலும் கேலிக்கு இடமில்லாத ஒரு பயிற்சிக் களத்தையும் அது குழந்தைக்குத் தருகிறது. அந்தக் களத்தில் கற்றதை மனிதர்களிடம் பயன்படுத்தப் பழக்குவது ஆசிரியர், பெற்றோர் ஆகியோரின் பணி. அந்தப் பணி நடைபெறாவிட்டால், குழந்தை நாயோடு மகிழ்ச்சியாக இருந்தது என்பதோடு பயன் நின்றுவிடும்.

ஆட்டிசமும் சமூகத் திறன்களும்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த, வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு நிலை. தமிழில் மதியிறுக்கம், புற உலகச் சிந்தனைக் குறைபாடு போன்ற பெயர்களும் வழக்கில் உள்ளன. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கண்டறியும் கையேடு இரண்டு வகையான அடையாளங்களைக் குறிப்பிடுகிறது. முதலாவது, சமூகத் தொடர்பிலும் பழகுவதிலும் ஏற்படும் இடர்ப்பாடுகள். இரண்டாவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றங்களை ஏற்கத் திணறுதல், ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை.

சமூகத் திறன்கள் என்று இங்கே குறிப்பிடப்படுபவை அன்றாடம் கவனிக்காமலேயே நாம் செய்யும் செயல்கள். எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, ஒருவர் பேசி முடித்தபின் பேசுவது, உதவி கேட்பது, அடுத்தவர் முகத்தைப் பார்த்து அவருடைய மனநிலையை ஊகிப்பது, விளையாட்டில் தோற்றால் தாங்கிக்கொள்வது போன்றவை அவை. பெரும்பாலான குழந்தைகள் இவற்றைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அவற்றுள் அடிப்படையானது கூட்டுக் கவனம். ஒரு குழந்தை வானத்தில் விமானத்தைக் கண்டு விரலால் சுட்டிக்காட்டி, அம்மாவும் அதைப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பது இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு பொருளை இருவர் சேர்ந்து கவனிக்கிறார்கள், அப்படிக் கவனிப்பதை இருவரும் அறிந்திருக்கிறார்கள். மொழி கற்றலுக்கு இது பெரிதும் துணைசெய்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இத்திறன் பெரும்பாலும் தாமதமாகவே தோன்றுகிறது.

சிகிச்சை நாய், உதவி நாய், வளர்ப்பு நாய்

இம்மூன்றும் பொது வழக்கில் ஒன்றாகக் கருதப்படுவதால் பல குழப்பங்கள் ஏற்படுகின்றன.

சிகிச்சை நாய் தன்னை வளர்ப்பவரோடு வாழ்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் பள்ளிக்கோ சிகிச்சை மையத்துக்கோ வந்து, பலரோடு பழகிவிட்டுத் திரும்புகிறது. அதன் முதன்மையான தகுதி அமைதியான இயல்பு. திடீர் சத்தம், தடுமாறும் நடை, இறுக்கமான பிடி ஆகியவற்றைக் கண்டு மிரளாமல் இருப்பதும், புதியவர்களை விரும்பி அணுகுவதும் அதனிடம் எதிர்பார்க்கப்படுகின்றன.

உதவி நாய் ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்று, அவருடனேயே வாழ்கிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக உதவி நாய்களைப் பழக்கும் பணி 1990களின் பிற்பகுதியில் கனடாவில் தொடங்கியது. கடைத்தெருவிலோ சாலையிலோ குழந்தை திடீரென ஓடிவிடாமல் தடுப்பது இவற்றின் முக்கிய வேலைகளுள் ஒன்று. குழந்தையின் இடுப்புப் பட்டை நாயின் உடற்பட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும். குழந்தை இழுத்தால் நாய் அசையாமல் நின்றுவிடும்.

வளர்ப்பு நாய் குடும்பத்தில் ஒன்றாக வாழ்வது. அதற்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் இருப்பதில்லை.

விலங்குகளின் துணையோடு நடைபெறும் பணிகளையும் வகைப்படுத்திக் காண்பது வழக்கம். மனித விலங்கு உறவு அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்டு 2018இல் திருத்திய ஆவணம், சிகிச்சை, கல்வி, பொதுவான மகிழ்வூட்டும் சந்திப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வரையறுக்கிறது. சிகிச்சை என்றால் தகுதி பெற்ற ஒருவர், குறிப்பிட்ட இலக்குடன், முன்னேற்றத்தை அளந்து பதிவுசெய்து நடத்த வேண்டும். பள்ளி விழாவுக்கு நாயைக் கொண்டுவந்து குழந்தைகளைத் தடவிப்பார்க்கச் சொல்வது இனிய நிகழ்ச்சியே ஆயினும், அது சிகிச்சை ஆகாது.

வரலாறு

மனநலம் பேணுமிடங்களில் விலங்குகளுக்கு இடமளிப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் குவேக்கர் சமயக் குழுவினர் திறந்த மனநல இல்லத்தில், நோயாளிகள் தோட்டத்தில் முயல்களோடும் கோழிகளோடும் பழக விடப்பட்டனர். நவீன செவிலியத்துக்கு அடித்தளமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேலும் நெடுநாள் நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று எழுதியுள்ளார்.

குழந்தைகளுக்கான உளச்சிகிச்சையில் நாயைச் சேர்த்த முன்னோடி, நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் போரிஸ் லெவின்சன். 1950களில், எவரோடும் ஒட்டாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அவரிடம் அழைத்து வந்தனர். அப்போது லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அறையிலேயே இருந்தது. அது ஓடிவந்து சிறுவனை நக்கியது; சிறுவனும் அதை அணைத்துக்கொண்டான். அடுத்தடுத்த வருகைகளில் அவன் நாயோடு மட்டும் விளையாடினான். பின்னர் மெல்ல மெல்ல அந்த விளையாட்டில் லெவின்சனையும் சேர்த்துக்கொண்டான்.

லெவின்சன் தம் அனுபவத்தை 1961இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவையில் சிலர் இதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டனர். கட்டணத்தில் நாய்க்கும் பங்கு உண்டா என்றுகூடக் கேட்டனர். அவர் பின்வாங்கவில்லை. 1962இல் நாயைத் துணைச் சிகிச்சையாளராகக் கருதும் கட்டுரையையும், 1969இல் இத்துறையின் முதல் விரிவான நூலையும் வெளியிட்டார். 1970களில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கோர்சன், எலிசபெத் கோர்சன் ஆகியோர் மனநல மருத்துவமனை நோயாளிகளிடையே இதே முறையை ஆராய்ந்தனர். தன்னார்வலர்களின் நாய்களைச் சோதித்துப் பதிவுசெய்யும் அமைப்புகளும் அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டிலேயே தோன்றின.

ஆசியாவில் 1991இல் ஹாங்காங் நகரில் ஜில் ராபின்சன் 'டாக்டர் டாக்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வீடுகளில் வளர்ந்த, குணம் சோதிக்கப்பட்ட நாய்கள் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அழைத்துச் செல்லப்பட்டன. இத்திட்டம் இந்தியாவுக்கும் வந்தபோது சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு அதில் பங்கேற்றது.

நாய் ஏன் பயன்படுகிறது?

நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் சைகைகளைக் கவனிக்கப் பழகிய விலங்கு. ஒருவர் விரல் நீட்டிக் காட்டும் திசையில் நாய் உணவைத் தேடிச் செல்லும் என்பதை 1990களின் இறுதியிலிருந்து நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. கூட்டுக் கவனம் குறைவாக உள்ள குழந்தைக்கு இது முக்கியமானது. குழந்தை பந்தைச் சுட்டிக்காட்டுகிறது, நாய் அதை எடுத்துவருகிறது. சுட்டிக்காட்டினால் உலகில் ஏதோ ஒன்று நடக்கும் என்பதைக் குழந்தை உடனடியாகக் காண்கிறது.

நாயின் மறுமொழி எளிமையானது. மனித முகத்தில் ஒரே நேரத்தில் புன்னகையும் எரிச்சலும் கலந்திருக்கலாம். வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லலாம். கிண்டல், மறைபொருள், மரியாதைக்காகச் சொல்லும் பொய் ஆகியவையும் பேச்சில் உண்டு. நாயிடம் இவை இல்லை. விருப்பம் இருந்தால் அருகில் வருகிறது, இல்லாவிட்டால் விலகிச் செல்கிறது. படிக்க வேண்டிய குறிப்புகள் குறைவாகவும் பெரியவையாகவும் இருப்பதால், உடல்மொழியைக் கற்கத் தொடங்குவதற்கு நாய் நல்ல முதற்பாடம்.

நாயின் பொறுமையும் இதில் பயன்படுகிறது. ஒரு குழந்தை ஒரே கட்டளையை இருபது முறை சொன்னாலும், திக்கித் திணறிச் சொன்னாலும் நாய் சிரிப்பதில்லை, குறுக்கிட்டுத் திருத்துவதும் இல்லை. வகுப்பில் பல முறை அவமானப்பட்ட குழந்தைக்கு இது பெரிய ஆறுதல்.

நாய் ஒரு பாலமாகவும் செயல்படுகிறது. நாயோடு நிற்பவரிடம் அறிமுகமில்லாதவர்கள்கூட எளிதாகப் பேச்சுக் கொடுக்கிறார்கள். மற்ற குழந்தைகள் நெருங்கி வந்து 'இதன் பெயர் என்ன?' என்று கேட்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் திகைக்கும் குழந்தைக்குப் பேசுபொருள் எதிரிலேயே நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருவர் பார்வையும் நாயின் மீது இருக்கலாம்.

வகுப்பு நடைபெறும் முறை

மையத்துக்கு மையம் நடைமுறை வேறுபட்டாலும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. சில குழந்தைகள் கொண்ட சிறு குழு, வகுப்பை நடத்தும் சிறப்பாசிரியர் அல்லது உளவியலாளர், நாயைக் கையாள்பவர், நாய் ஆகியோர் இதில் இடம்பெறுகின்றனர். கையாள்பவரின் கவனம் முழுவதும் நாயின் மீதும், ஆசிரியரின் கவனம் குழந்தைகளின் மீதும் இருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முயன்றால் ஏதாவது ஒன்று கவனிப்பின்றிப் போகும்.

நாய் வருவதற்கு முன்பே குழந்தைகளுக்கு ஆயத்தம் தேவை. நாயின் படம், அதன் பெயர், அது எங்கே படுத்திருக்கும், வகுப்பில் எது முதலில் நடக்கும், எது அடுத்து நடக்கும் என்பவை படங்களாக வரிசைப்படுத்திக் காட்டப்படுகின்றன. எதிர்பாராத மாற்றம் அச்சத்தைத் தரும் குழந்தைகளுக்கு இந்தப் பட அட்டவணை பெரிதும் உதவுகிறது. முதல் நாளில் அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலே போதும் என்று விடுவதும் உண்டு.

பின்னர் நாயோடு செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு சமூகத் திறனோடு இணைக்கப்படுகிறது.

- அனுமதி கேட்டல்: குழந்தை கையாள்பவரிடம் 'நான் தொடலாமா?' என்று கேட்டு, விடைக்குக் காத்திருந்து, பிறகே நாயைத் தொடுகிறது. பேச்சு வராத குழந்தை பட அட்டையைக் காட்டிக் கேட்கிறது. இதே கேள்வி பின்னர் நண்பனின் பொம்மையைக் கேட்டு வாங்கப் பயன்படுகிறது.

- முறை காத்தல்: ஒரே ஒரு தூரிகை இருக்கிறது, நாயின் முடியை வாரிவிட எல்லோருக்கும் ஆசை. ஒருவர் பத்து முறை வாரியதும் அடுத்தவரிடம் தூரிகையைத் தர வேண்டும். காத்திருப்பதற்கு இங்கே உண்மையான காரணம் இருக்கிறது.

- தெளிவாகப் பேசுதல்: முணுமுணுத்தால் நாய் உட்காராது, கத்தினால் மிரளும். தேவையான அளவு குரலில், நாயைப் பார்த்து, 'உட்கார்' என்று சொன்னால் அது உட்கார்கிறது. குரலின் அளவு ஏன் முக்கியம் என்பது விளக்கமின்றியே புரிகிறது.

- உடல்மொழியைப் படித்தல்: காது பின்னால் மடிந்திருக்கிறதா, வால் தாழ்ந்திருக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று குழந்தைகள் கவனிக்கின்றனர். 'இப்போது அதற்கு என்ன வேண்டும்?' என்று ஆசிரியர் கேட்கிறார். அதன்பின் மனித முகங்களின் படங்களைக் காட்டி அதே கேள்வியைக் கேட்கிறார்.

- மறுப்பை ஏற்றல்: நாய் எழுந்து தன் பாய்க்குச் சென்று படுத்துவிட்டால் எவரும் அதைத் தொடரக் கூடாது. விலகிச் செல்வது என்பது 'வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரு வழி. அதை மதிக்க வேண்டும். அதே உரிமை தனக்கும் உண்டு என்பதையும் குழந்தை இதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

- சேர்ந்து செய்தல்: இருவர் இணைந்து நாய்க்குத் தடை ஓட்டப் பாதை அமைக்கின்றனர். ஒருவர் வளையத்தைப் பிடிக்க, மற்றவர் நாயை அழைக்க வேண்டும். பேசி முடிவெடுக்காமல் இது நடக்காது.

வகுப்பின் கடைசிப் பகுதி நாய் இல்லாமல் நடப்பது நல்லது. அன்று கற்ற திறனைக் குழந்தைகள் தங்களுக்குள் செய்து பார்க்கின்றனர். வீட்டில் தம்பியோடும், கடையில் கடைக்காரரோடும் அதையே செய்யும்படி பெற்றோருக்குச் சிறு வீட்டுப்பாடம் தரப்படுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல நாயின் பங்கைக் குறைத்து, குழந்தைகளின் பங்கைக் கூட்டுவது இம்முறையின் இலக்கு.

ஆய்வுகள் சொல்வது

ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் நாயையும் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது 1989இல் ரெடிஃபர், குட்மேன் ஆகியோர் வெளியிட்டது. 12 குழந்தைகள் பங்கேற்ற இதில், நாய் உடன் இருந்தபோது குழந்தைகள் தமக்குள் ஆழ்ந்திருப்பது குறைந்து, சிகிச்சையாளரோடு எளிய விளையாட்டுகளில் சேர்வது கூடியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இந்த முன்னேற்றம் சற்றுத் தளர்ந்திருந்தது.

உயிருள்ள நாய்தான் வேண்டுமா, பொம்மை நாய் போதாதா என்ற வினாவுக்கு 2002இல் மார்ட்டின், ஃபார்னம் ஆகியோரின் ஆய்வு விடை தேடியது. 10 குழந்தைகள் பந்து, துணி நாய், உயிருள்ள நாய் ஆகிய மூன்றோடும் பழகினர். உயிருள்ள நாய் இருந்தபோது அவர்கள் கூடுதலாக விளையாட்டு மனநிலையில் இருந்தனர். கவனமும், சுற்றுப்புறத்தைப் பற்றிய உணர்வும் கூடுதலாக இருந்தன. செயல்வழி சிகிச்சையில் விலங்குகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 22 குழந்தைகளிடம் பேச்சும் பழகுதலும் வழக்கமான அமர்வுகளைவிட அதிகம் காணப்பட்டன.

சமூகத் திறன் வகுப்புகளை நேரடியாக ஒப்பிட்டது 2017இல் பெக்கர், ராஜர்ஸ், பர்ரோஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. 8 முதல் 14 வயது வரையுள்ள 31 குழந்தைகளுள் ஒரு பகுதியினர் நாயோடு கூடிய வகுப்பிலும், மற்றவர்கள் நாய் இல்லாத வழக்கமான வகுப்பிலும் பயின்றனர். நாயோடு பயின்றவர்களிடம் சமூகத் தொடர்பு சார்ந்த குறைபாடுகளும் மனச்சோர்வு அறிகுறிகளும் மற்றக் குழுவைவிடக் குறைவாகக் காணப்பட்டன.

நாயின் வருகை உடலிலும் மாற்றத்தை ஏற்படுத்தலாம் என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஆய்வு சான்று தருகிறது. உறக்கத்திலிருந்து விழித்தவுடன் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவு உயர்வது இயல்பு. 42 குழந்தைகளின் வீடுகளுக்கு உதவி நாய் வரும் முன்பு இந்த உயர்வு 58 விழுக்காடாக இருந்தது. நாய் வந்தபின் 10 விழுக்காடாகக் குறைந்தது. நாயைச் சிறிது காலம் அகற்றியதும் 48 விழுக்காடாக ஏறியது. இந்த முடிவுகள் 2010இல் வெளிவந்தன. இது வீட்டிலேயே வாழும் உதவி நாயைப் பற்றிய ஆய்வு என்பதையும், வாரம் ஒருமுறை வரும் சிகிச்சை நாய்க்கு இதை அப்படியே பொருத்த இயலாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வுகளின் வரம்புகள்

இத்துறையின் முதன்மையான ஆய்வாளர்களுள் ஒருவரான மார்கரீட் ஓஹேர், அதுவரை வெளிவந்த ஆய்வுகளுள் தகுதியான 14ஐத் தேர்ந்து 2013இல் மதிப்பிட்டார். முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆயினும் ஆய்வு முறைகள் வலுவாக இல்லை என்பது அவருடைய மதிப்பீட்டின் சாரம். அதன்பின் ஆய்வுகளின் எண்ணிக்கையும் தரமும் உயர்ந்துள்ளன. ஆயினும் அடிப்படையான சில சிக்கல்கள் தொடர்கின்றன.

பங்கேற்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சிறியது. ஆட்டிசம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதால், பத்துப் பன்னிரண்டு பேரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது.

மருந்து ஆய்வுகளில் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மறைத்துவைக்கலாம்; நாயை மறைக்க வழியில்லை. தம் குழந்தை நாயோடு பயின்றது என்று அறிந்த பெற்றோர் முன்னேற்றத்தை எதிர்பார்க்கின்றனர். எதிர்பார்ப்பு அவர்கள் நிரப்பும் வினாத்தாளிலும் படிந்துவிடுகிறது. நாயை விரும்பும் குடும்பங்களே இத்தகைய ஆய்வுகளுக்கு முன்வருவதும் முடிவுகளை ஒரு பக்கம் சாய்க்கிறது.

புதுமையின் ஈர்ப்பு மற்றொரு சிக்கல். புதிதாக வந்த எதுவும் சில வாரங்கள் குழந்தையைக் கவரும். ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்தும் பயன் நிலைக்கிறதா என்பதைக் காட்டும் நீண்டகால ஆய்வுகள் குறைவு. நாய் இருக்கும் அறையில் நன்றாகப் பழகும் குழந்தை பள்ளி மைதானத்திலும் அப்படிப் பழகுகிறதா என்பதே மிக முக்கியமான வினா. அதை அளப்பது கடினமாக இருப்பதால் அளக்காமல் விடப்படுவதும் அதிகம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துமா?

ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின், விலங்குகளோடு ஆட்டிசம் உள்ளோர் கொள்ளும் உறவு ஒரே வகையானதல்ல என்பதைச் சுட்டியிருக்கிறார். சிலர் விலங்குகளோடு உடனே ஒன்றிவிடுகின்றனர். சிலர் முதலில் அஞ்சி, பின்னர் பழகுகின்றனர். வேறு சிலருக்கு நாயின் மணமும் திடீர்க் குரைப்பும் தாங்க முடியாத வேதனையைத் தருகின்றன.

மூன்றாம் வகைக் குழந்தையை 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று வற்புறுத்துவது தீங்கு. முடி ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள குழந்தைகள், விலங்குகளை அடித்துத் துன்புறுத்தும் பழக்கம் உள்ள குழந்தைகள், முன்பு நாய்க்கடிக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கும் தனிக் கவனம் தேவை. நாயைத் தொடுவதைச் சமய காரணங்களுக்காகத் தவிர்க்கும் குடும்பங்களும் உண்டு. இவர்களுக்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. குதிரைகளைக் கொண்டும், கினிப்பன்றிகளைக் கொண்டும் நடந்த ஆய்வுகளும் நல்ல முடிவுகளைத் தந்துள்ளன. விலங்கே இல்லாமல், குழந்தைக்குப் பிடித்த ரயில் பொம்மையையோ கட்டைகளையோ மையமாகக் கொண்டும் சமூகத் திறன்களைக் கற்பிக்கலாம். பகிர்ந்துகொள்ளத்தக்க ஓர் ஈடுபாடு கிடைப்பதே இங்கு முதன்மையானது.

பாதுகாப்பும் நாயின் நலனும்

சிகிச்சை நாய்க்கு வெறிநாய்க்கடி நோய் உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசிகளும், குடற்புழு நீக்கமும், கால்நடை மருத்துவரின் சோதனையும் முறையாக நடந்திருக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது என்பதால் இதில் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை. வகுப்புக்கு முன்பும் பின்பும் குழந்தைகள் கைகழுவ வேண்டும்.

இந்தியா போன்று தெருநாய்கள் மிகுந்த நாடுகளில் மற்றொரு பாடமும் கட்டாயம். 'வகுப்பில் உள்ள நாய் நல்ல நாய்' என்று கற்ற குழந்தை, 'நாய்கள் எல்லாம் நல்லவை' என்று எடுத்துக்கொண்டு தெருவில் உறங்கும் நாயைக் கட்டியணைக்கச் செல்லக்கூடும். உரியவர் உடன் இல்லாத நாயைத் தொடக் கூடாது, உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் நெருங்கக் கூடாது, நாய் துரத்தினால் ஓடாமல் அசையாது நிற்க வேண்டும் என்பவை முதல் வகுப்பிலேயே படங்களோடு கற்பிக்கப்பட வேண்டியவை.

நாயும் இதில் ஒரு பங்காளி. கழுத்தைக் கட்டி அணைப்பது மனிதருக்கு அன்பின் அடையாளம். பல நாய்களுக்கு அது நெருக்கடி. அடிக்கடி கொட்டாவி விடுதல், உதடுகளை நக்குதல், தலையைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், உடல் விறைத்தல் ஆகியவை நாயின் மன அழுத்தத்தைக் காட்டும் குறிகள். இவற்றைக் கண்டதும் கையாள்பவர் வகுப்பை நிறுத்த வேண்டும். நாய் ஒதுங்கிப் படுக்கத் தனி இடம், குடிநீர், இடைவேளை ஆகியவை தேவை. ஓர் அமர்வு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் முடிவது நல்லது. வெப்பம் மிகுந்த ஊர்களில் அடர்ந்த முடியுள்ள நாய்கள் விரைவில் களைத்துவிடும் என்பதையும் கருத வேண்டும். நாயின் 'வேண்டாம்' என்பதை ஆசிரியரே மதிக்காத வகுப்பில், பிறர் உணர்வை மதிக்கக் குழந்தை கற்றுக்கொள்ள முடியாது.

கருத்து வேறுபாடுகள்

சமூகத் திறன் பயிற்சி என்பதையே ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கேள்விக்கு உட்படுத்துகின்றனர். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அசைக்காதே என்று வற்புறுத்துவது குழந்தையைப் பிறர்போல நடிக்கவே பழக்குகிறது என்றும், அந்த நடிப்பின் சுமை பிற்காலத்தில் கடும் சோர்வாக வெளிப்படுகிறது என்றும் அவர்கள் கூறுகின்றனர். ஆட்டிசம் உள்ளவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்தும் இங்கே பொருந்தும். புரிந்துகொள்ளாமை ஒருபக்கமானது அல்ல, ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்பது அவர் வாதம்.

இந்த நோக்கில் பார்த்தால் நாயோடு கூடிய வகுப்புக்கு ஒரு சிறப்பு உண்டு. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நாய் கட்டாயப்படுத்துவதில்லை. கைகளை அசைப்பதையும் அது பொருட்படுத்துவதில்லை. தன் இயல்போடு இருந்தபடியே குழந்தை ஓர் உயிரோடு உறவுகொள்ள முடிகிறது. வகுப்பில் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளையும் சேர்த்தால், விட்டுக்கொடுத்துப் பழகும் பொறுப்பை இருதரப்பும் ஏற்கின்றன.

பெற்றோர் கேட்க வேண்டியவை

ஆட்டிசத்துக்கு உடனடித் தீர்வு என்று விற்கப்படும் பொருள்களும் முறைகளும் ஏராளம். நாய்ச் சிகிச்சையும் அந்த வரிசையில் சேர்ந்துவிடக்கூடும். எனவே ஒரு மையத்தில் குழந்தையைச் சேர்க்கும் முன் சில வினாக்களைக் கேட்பது தகும்.

- வகுப்பை நடத்துபவரின் தகுதி என்ன? நாயைக் கையாள்பவர் தனியாக இருக்கிறாரா?
- என் குழந்தைக்கான இலக்கு என்ன? அது எப்படி அளக்கப்படும்?
- நாயின் குணம் யாரால் சோதிக்கப்பட்டது? தடுப்பூசிப் பதிவைக் காட்ட முடியுமா?
- நாய் களைத்தால் என்ன செய்வீர்கள்? குழந்தை மறுத்தால் என்ன செய்வீர்கள்?
- இங்கே கற்றதை வீட்டிலும் பள்ளியிலும் பயன்படுத்த எங்களுக்கு என்ன பயிற்சி தருவீர்கள்?

குணப்படுத்துவோம் என்று உறுதியளிக்கும் மையத்தையும், பேச்சுப் பயிற்சியையும் சிறப்புக் கல்வியையும் நிறுத்திவிடச் சொல்லும் மையத்தையும் தவிர்க்க வேண்டும். வீட்டுக்கே ஒரு நாய் வாங்கலாமா என்று எண்ணும் பெற்றோர், குழந்தைக்கு ஆர்வம் குறைந்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த உயிரைப் பேண வேண்டியவர்கள் தாமே என்பதை முதலில் கருத வேண்டும். வாங்கும் முன் சிலமுறை பழகிய நாயோடு குழந்தையைப் பழகவிட்டுப் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

கடைசி வினாவுக்கான விடையே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நாயிடம் 'தொடலாமா?' என்று கேட்கக் கற்ற குழந்தை, அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் 'நானும் விளையாட வரலாமா?' என்று கேட்டால் பயிற்சி பலன் தந்திருக்கிறது எனலாம்.